நம் பள்ளியின் நல்ல கதை

(சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், மாணவர் பேச்சுப் போட்டிக்கான பயிலரங்கைத் தொடங்கிவைத்து ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வெளியே சிராங்கூன் சாலையில் வார இறுதிக் கூட்டம். தேக்கா சந்தைப் பக்கம் நடக்கக்கூட இடமில்லை. அந்த நெரிசலைக் கடந்து, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, தமிழ்ப் பேச்சுக்காக இந்த மண்டபத்துக்கு வந்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் என் நன்றி.

இந்த ஆண்டு மாணவர்களுக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு ‘நம் பள்ளியின் நல்ல கதை’. எளிய தலைப்பு என்று தோன்றும். உட்கார்ந்து எழுதத் தொடங்கினால்தான் அதன் கடினம் தெரியும். நல்ல கதை என்றால் எது? அதை யார் சொல்ல வேண்டும்? அதைத் தமிழில் ஏன் சொல்ல வேண்டும்? இந்த மூன்று கேள்விகளைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

நம் வீடுகளில் பள்ளியைப் பற்றி என்ன பேசுகிறோம்? நினைத்துப் பாருங்கள். கணக்கில் எத்தனை மதிப்பெண்? எந்தத் துணைப்பாட நிலையம் நல்லது? தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வுக்குப் பிறகு எந்த உயர்நிலைப்பள்ளி கிடைக்கும்? இவை தேவையான கேள்விகள்தாம். ஆனால் “இன்று உனக்குப் பள்ளியில் யார் நல்லது செய்தார்கள்?” என்று எத்தனை வீடுகளில் கேட்கிறோம்? பள்ளியில் ஒரு குறை என்றால் அன்று இரவே பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் அது பரவிவிடுகிறது. ஒரு நல்லது நடந்தால் அது பிள்ளையின் மனத்திலேயே தங்கிப்போகிறது. கேட்க ஆள் இல்லாத கதை, சொல்லப்படாமலே மறந்துபோகிறது.

உலகம் நம் பள்ளிகளைப் பற்றி நிறையவே பேசுகிறது. 15 வயது மாணவர்களுக்காகப் பல நாடுகளில் நடத்தப்படும் பீசா சோதனையில், 2022ஆம் ஆண்டு சிங்கப்பூர் கணிதத்தில் 575 புள்ளி பெற்றது. அறிவியலில் 561. வாசிப்பில் 543. மூன்றிலும் முதலிடம். நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி இது. ஆனால் ஒன்று கேட்கிறேன். 575 என்ற அந்த எண்ணுக்குள் ஒரு பிள்ளையின் முகம் தெரிகிறதா? அந்தப் பிள்ளைக்குப் பின்னமும் விகிதமும் புரியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆசிரியரின் குரல் கேட்கிறதா? எண் வெற்றியைச் சொல்லும். அந்த வெற்றிக்காக உழைத்தவர்களைக் கதைதான் சொல்லும்.

அப்படியானால் நல்ல கதை எது? சில உண்மைக் கதைகளைச் சொல்கிறேன், கேளுங்கள்.

இங்கிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது ரங்கூன் ரோடு. அங்கே இருந்த ஒரு பிற்பகல் பள்ளியில் 1930களில் ஒரு தமிழ்ச் சிறுவன் படித்தான். எட்டு வயதில் தகப்பனை இழந்தவன். படிப்பு அவனுக்கு நேர்கோட்டில் அமையவில்லை. இரண்டு முறை பள்ளியிலிருந்து நீக்கப்பட்டான். பதினாறு வயதில், தாயோடு சண்டையிட்டுக்கொண்டு வீட்டை விட்டே ஓடினான். ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் அகராதியை வைத்துக்கொண்டு ஜப்பானிய மொழியைத் தானே கற்றான், மொழிபெயர்ப்பாளனாக வேலை செய்தான். போர் முடிந்த பிறகு, வேலை பார்த்துக்கொண்டே விட்ட படிப்பைத் தொடர்ந்தான். அன்று சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1954இல் சமூகப் படிப்புத் துறைப் பட்டயத்தைச் சிறப்புத் தகுதியோடு பெற்றான். மறு ஆண்டு மருத்துவமனைச் சமூக ஊழியராக அரசுப் பணியில் சேர்ந்தான். அந்தச் சிறுவன்தான் 1999இலிருந்து 2011வரை பன்னிரண்டு ஆண்டுகள் இந்த நாட்டின் அதிபராக இருந்த திரு எஸ்.ஆர். நாதன்.

மாணவர்களே, இந்தக் கதையை எப்படிச் சொல்வீர்கள்? “ஏழைச் சிறுவன் அதிபரானார்” என்று ஒரே வரியில் சொல்லிக் கைதட்டல் வாங்கிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரியில், பள்ளியை விட்டு நீக்கப்பட்ட அந்த இரண்டு நாட்கள் இல்லை. வீட்டை விட்டு ஓடிய இரவு இல்லை. வேலை முடிந்து வந்து களைப்போடு புத்தகத்தைத் திறந்த மாலைகள் இல்லை. இடறிய இடத்தை மறைத்துவிட்டால் எழுந்து நின்றதற்கு என்ன மதிப்பு? ஒருமுறை மூடிய கதவு, இன்னொரு வயதில், இன்னொரு இடத்தில் அவருக்குத் திறந்தது. திறந்தது ஒரு பொதுப் பல்கலைக்கழகம். அதுதான் இந்தக் கதையின் உயிர்.

ஆகவே முதல் விதி இது. நல்ல கதை என்றால் குறையே இல்லாத கதை என்று நினைக்காதீர்கள். கஷ்டம் உள்ளே இருக்கட்டும். அதைத் தாண்டியவர்களும், தாண்ட உதவியவர்களும் உள்ளே இருக்கட்டும்.

அடுத்த கதைக்கு வருகிறேன். இங்கே இருக்கிற பெற்றோர் பலருக்கு உமறுப் புலவர் என்ற பெயர் பழக்கமான பெயர். சீறாப்புராணம் பாடிய அந்தப் புலவரின் பெயரில், 1946ஆம் ஆண்டு, போர் முடிந்த மறு ஆண்டே, சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கினர் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். ஜப்பானியர் ஆட்சி முடிந்து ஊரே பஞ்சத்திலிருந்து எழுந்துகொண்டிருந்த நேரம். அந்த நேரத்தில் பள்ளிக்கூடம் கட்ட வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது! 1960இல் அது உயர்நிலைப்பள்ளி ஆனது. சிங்கப்பூரின் ஒரே தமிழ் உயர்நிலைப்பள்ளி அதுதான்.

பிறகு காலம் மாறியது. பெற்றோர் ஆங்கிலவழிப் பள்ளிகளை நாடினார்கள். தமிழ்வழிப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடின. 1982இல் உமறுப் புலவர் உயர்நிலைப்பள்ளியும் மூடியது. இத்துடன் கதையை முடித்தால் அது துக்கக் கதை. ஆனால் முடியவில்லை. மறு ஆண்டே, 1983இல், அதே பெயரில் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் பிறந்தது. சமூகம் தன் கைக்காசில் தொடங்கிய பள்ளியின் பெயரை நாட்டின் பொதுக்கல்வி தன் கையில் வாங்கிக்கொண்டது.

இன்று அந்த நிலையம் பீட்டி ரோட்டில் இருக்கிறது. பிற்பகலில் ஃபேரர் பார்க் ரயில் நிலையத்தின் வாசலில் சற்று நேரம் நின்று பாருங்கள். வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை, பச்சைக் கால்சட்டை என்று விதவிதமான பள்ளிச் சீருடைகள் ஒரே திசையில் போகும். தங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத பிள்ளைகள் அவர்கள். காலையிலிருந்து பாடம் படித்துவிட்டு, புத்தகப்பை முதுகில் கனக்க, ரயிலேறித் தமிழ் படிக்க வருகிறார்கள். ஒரு பள்ளியில் தமிழ் மாணவர் இரண்டே பேர் என்றாலும், அந்த இருவரும் தமிழ் படிக்க ஓர் இடம் இருக்க வேண்டும் என்று ஒரு நாடு ஏற்பாடு செய்திருக்கிறது. சின்ன விஷயமா இது? கடல் கடந்து வாழும் தமிழர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பேறு வாய்த்திருக்கிறது? இந்தக் கதையைச் சொல்ல அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவனைவிடத் தகுதியானவர் யார்?

இன்னொரு கதை. சிராங்கூன் சாலை வழியே வடக்கே போனால் டவுனர் ரோடு வரும். இன்று அங்கே இருக்கும் ஒரு பள்ளி 2007ஆம் ஆண்டு திறந்தது. பெயர் நார்த்லைட். தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் தேறாத பிள்ளைகளுக்கென்றே தொடங்கப்பட்ட பள்ளி. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ‘தேறவில்லை’ என்ற சொல்லைக் காதில் வாங்கிக்கொண்டு ஒரு பிள்ளை வீடு திரும்பும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளை வரவேற்று, கையால் செய்து கற்கும் பாடங்களையும் ஒரு தொழிலையும் தன்னம்பிக்கையையும் கற்றுக்கொடுக்கும் பள்ளி அது. இரண்டு ஆண்டு கழித்து, 2009இல், அதே நோக்கத்தோடு அஸம்ப்ஷன் பாத்வே பள்ளியும் வந்தது. முதலிடம் பெறும் பிள்ளைகளால் ஒரு கல்விமுறைக்குப் பெருமை வரும். கடைசியில் நிற்கும் பிள்ளையை அது என்ன செய்கிறது என்பதில்தான் அதன் மனசாட்சி தெரியும்.

அந்த மனசாட்சி தன்னைத் திருத்திக்கொள்ளவும் செய்யும். 1980களின் தொடக்கத்திலிருந்து நம் உயர்நிலைப்பள்ளிகளில் விரைவுநிலை, வழக்கநிலை என்று பிள்ளைகளைப் பிரித்துவைத்தோம். பாதியில் படிப்பை விட்டுப்போகும் பிள்ளைகளைக் காப்பாற்ற அந்த முறை உதவியது என்பது உண்மை. வழக்கநிலை என்ற பெயரே பல பிள்ளைகளின் நெஞ்சில் தழும்பாக நின்றது என்பதும் உண்மை. 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்த மாணவர்களிலிருந்து அந்தப் பிரிவுகள் இல்லை. கணிதத்தில் வல்ல பிள்ளை கணிதத்தை உயர்ந்த நிலையில் படிக்கலாம். மொழியில் பின்தங்கியிருந்தால் மொழியை மட்டும் வேறு நிலையில் படிக்கலாம். வகுப்பறையில் எல்லோரும் கலந்து உட்காருகிறார்கள். ஒரு நாடு, “இதை இன்னும் நன்றாகச் செய்யலாம்” என்று சொல்லி, நாற்பது ஆண்டுப் பழக்கத்தை மாற்றியிருக்கிறது. அந்தக் கலந்த வகுப்பறையில் முதன்முதலாக உட்கார்ந்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். பக்கத்து இருக்கை நண்பனிடம் நீங்கள் கற்றது என்ன? அதைச் சொல்லுங்கள். அதைக் கல்வி அமைச்சின் அறிக்கையால் சொல்ல முடியாது, உங்களால் முடியும்.

பிள்ளைகளின் குரலுக்கு உள்ள மதிப்பை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். ‘தமிழ் முரசு’ நாளிதழை 1935இல் தொடங்கிய கோ. சாரங்கபாணி, 1950களில் அந்த இதழிலேயே மாணவர் மணிமன்றத்தை நடத்தினார். பிள்ளைகள் எழுதியதை அச்சில் ஏற்றினார். பிற்காலத்தில் பெயர்பெற்ற எழுத்தாளர்கள் பலர் அங்கேதான் முதன்முதலாகத் தங்கள் பெயரை அச்சில் பார்த்தார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று அவர் ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்டியபோது, தோட்டத் தொழிலாளர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் தங்களால் முடிந்த சிறுதொகையைக் கொடுத்தார்கள். கொடுத்தவர்களில் பலர் பல்கலைக்கழக வாசலை மிதித்தவர்கள் அல்லர். தங்கள் பிள்ளைக்குத்தான் அந்தப் படிப்பு கிடைக்கும் என்ற உறுதிகூட அவர்களுக்கு இல்லை. யாரோ ஒருவரின் பிள்ளை படிக்கட்டும் என்று கொடுத்தார்கள். பொதுக்கல்வி என்றால் இதுதான். நம் பிள்ளை மட்டும் படித்தால் போதாது, பக்கத்து வீட்டுப் பிள்ளையும் படிக்க வேண்டும் என்ற எண்ணம்.

அதே எண்ணத்தைத் தமிழ்நாட்டிலும் பாருங்கள். 1920இல் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பகல் உணவு கொடுக்கத் தொடங்கியது. 1956இல் காமராசர் அதை மாநிலத் திட்டமாக்கினார். 2022 செப்டம்பர் 15 அன்று அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வரத் தொடங்கியது. கோதவாடி என்ற சிற்றூரின் அரசுப் பள்ளியில் படித்த மயில்சாமி அண்ணாதுரை, சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குநரானார். குமரி மாவட்டத்து அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த கே. சிவன், இந்திய விண்வெளி அமைப்பான இஸ்ரோவின் தலைவரானார். அரசுப் பள்ளி என்றால் இளப்பமாகப் பேசுகிறவர்களுக்கு இந்தப் பெயர்களே பதில்.

சரி, கதைகள் இருக்கின்றன. அவற்றை யார் சொல்வது? இங்கேதான் பெற்றோர்களிடம் ஒன்றைத் திறந்த மனத்தோடு சொல்ல வேண்டும்.

நம் பேச்சுப் போட்டிகள் எப்படி நடக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். அப்பா எழுதிக் கொடுப்பார், அல்லது தெரிந்த ஆசிரியர் எழுதிக் கொடுப்பார். பிள்ளை மனப்பாடம் செய்யும். கண்ணாடி முன்னால் நின்று கையசைவு பழகும். மேடையேறி மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். மணி அடிப்பதற்குள் முடித்துவிடும். உச்சரிப்பு அழகாக இருக்கும், குரல் ஏற்ற இறக்கம் கச்சிதமாக இருக்கும். ஆனால் அந்தப் பேச்சில் அந்தப் பிள்ளை இருக்கிறதா?

ஒரு பயிற்சி வகுப்பில் தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் ஒரு மாணவனிடம், “உன் பள்ளியைப் பற்றிச் சொல், தம்பி” என்றேன். “கல்வி என்பது அழியாச் செல்வம். அந்தச் செல்வத்தை எமக்கு அள்ளி வழங்குவது எமது பள்ளி” என்று தொடங்கினான். நிமிர்ந்து நின்று, பிசகாமல் சொன்னான். முடித்ததும் வேறு மாதிரி கேட்டேன். “போன வாரம் பள்ளியில் யாராவது உனக்கு உதவினாங்களா?” கொஞ்சம் யோசித்தான். பிறகு சொன்னான். “மேத்ஸ் டீச்சர், சார். எனக்குப் பின்னம் வராது. ஓய்வு நேரத்துல கேண்டீனுக்கு வந்து பக்கத்துல உட்காருவாங்க. ரொட்டியை நாலா பிச்சு, ஒண்ணை எடுத்து வச்சிட்டு, மிச்சம் எவ்வளவுன்னு கேட்பாங்க. மூணு நாள் அப்படிச் செஞ்சாங்க. அவங்க சாப்பிடவே இல்ல, சார்.”

அவன் சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்தை எந்தப் பெரியவரால் எழுதிக் கொடுக்க முடியும்? அவனுடைய ஆசிரியர் ஒரு சீனப் பெண்மணி. பாடம் நடந்தது ஆங்கிலத்தில். அவன் அதைச் சொன்னது தமிழில். சீன ஆசிரியரின் அன்பை, ஒரு தமிழ்ப் பிள்ளை, தமிழ் மேடையில் நின்று சொல்கிறான் என்றால், அதைவிடச் சிறந்த சிங்கப்பூர்க் கதை வேறு என்ன இருக்கிறது?

என் மூன்றாவது கேள்வியும் இதுதான். ஏன் தமிழில் சொல்ல வேண்டும்? 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகமாக ஆங்கிலம் பேசுவதாகச் சொன்னவர்கள் 48.3 விழுக்காடு. தமிழ் பேசுவதாகச் சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. நம் பிள்ளைகள் நாளின் பெரும்பகுதியை ஆங்கிலத்தில் வாழ்கிறார்கள். தமிழ் மேடைக்கு வரும்போது மட்டும் சங்ககாலத்தையும் செம்மொழிப் பெருமையையும் பேசச் சொல்கிறோம். அந்தப் பெருமை வேண்டும். ஆனால் அது மட்டும் போதுமா? பின்னம் வராமல் திணறியதைத் தமிழில் சொல்ல வேண்டாமா? விளையாட்டுத் திடலில் தோற்றதை, மலாய் நண்பன் தண்ணீர்ப் புட்டியை நீட்டியதை, கேண்டீன் அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டதைத் தமிழில் சொல்ல வேண்டாமா? அன்றாட வாழ்வைச் சொல்லப் பழகிய மொழிதான் பிள்ளையின் நாவில் தங்கும். அந்தக் கதையை வீட்டில் இருக்கும் பாட்டியிடமும் அவன் சொல்ல முடியும். அவருக்கும் பேரனின் பள்ளி எப்படிப்பட்டது என்று தெரியும்.

நம்மிடம் இதற்கு ஒரு முன்மாதிரி ஏற்கெனவே இருக்கிறது. தமிழ் முரசும், சிங்கப்பூர்த் தமிழாசிரியர் சங்கமும், தமிழ்மொழி கற்றல் வளர்ச்சிக் குழுவும் சேர்ந்து வழங்கும் நல்லாசிரியர் விருது 2002ஆம் ஆண்டு தொடங்கியது. தன் ஆசிரியரை விருதுக்கு முன்மொழிய மாணவருக்கு அதில் இடம் உண்டு. ஏன் இவர் நல்லாசிரியர் என்று அந்த மாணவர் எழுத வேண்டும். எழுதும்போதுதான் யோசிப்பார். யோசிக்கும்போதுதான், தனக்காக ஒருவர் எவ்வளவு செய்திருக்கிறார் என்று உணர்வார். நன்றி சொல்லக் கற்றுக்கொடுக்கிற விருது அது. இந்தப் பேச்சுப் போட்டியும் அப்படி ஒரு மேடையாக அமைய வேண்டும் என்பது என் ஆசை.

ஆகவே மாணவர்களே, உங்களுக்கு மூன்று சொல்கிறேன். ஒரே ஒரு மனிதரைத் தேர்ந்தெடுங்கள். ஆசிரியராக இருக்கலாம், துப்புரவுப் பணியாளராக இருக்கலாம், உங்கள் வகுப்புத் தோழியாக இருக்கலாம். ஒரே ஒரு நாளைச் சொல்லுங்கள். அன்று என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள் என்று சொல்லுங்கள். பிறகு, அந்த நாளுக்கு முன்னால் உங்களுக்கு இருந்த கஷ்டத்தை மறைக்காமல் சொல்லுங்கள். இந்த மூன்றும் இருந்தால் போதும், மேற்கோள்கள் தேடி அலைய வேண்டாம்.

பெற்றோர்களே, பேச்சை எழுதிக் கொடுக்காதீர்கள். கேள்வி கேளுங்கள். “அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேளுங்கள். பிள்ளை ஆங்கிலத்தில் சொன்னால் திட்டாதீர்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று கூட உட்கார்ந்து தேடுங்கள். அந்தத் தேடல்தான் பயிற்சி.

ஆசிரியர்களே, நடுவர்களே, மதிப்பெண் தாளில் உச்சரிப்புக்கும் உடல்மொழிக்கும் இடம் இருக்கிறது. உண்மைக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள். தன் சொந்தக் கதையைத் தேடிச் சொல்கிற பிள்ளை ஓரிடத்தில் திணறினால், அதற்காகப் புள்ளியைக் குறைக்காதீர்கள். ஒப்பிக்கிறவர் திணறுவது மறதியால். யோசிக்கிறவர் திணறுவது, சரியான சொல்லைத் தேடுவதால்.

நண்பர்களே, நம் பள்ளிகள் நம்முடைய பொதுச் சொத்து. கடையநல்லூர்க்காரர்கள் காசு போட்டார்கள், தோட்டத் தொழிலாளர்கள் காசு போட்டார்கள், இன்று நாம் எல்லோரும் வரி கட்டுகிறோம். அந்தச் சொத்தில் குறை கண்டால் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. நல்லது கண்டால் சொல்லும் கடமையும் நமக்கு உண்டு. குறையை மட்டுமே கேட்டு வளரும் பிள்ளை, பள்ளியை வெறும் தேர்வுக்கூடமாகப் பார்க்கும். அங்கே தனக்காக உழைத்தவர்களைப் பற்றிப் பேசிப் பழகிய பிள்ளை, நாளை வளர்ந்தபின் வேறொரு பிள்ளைக்காக உழைக்க முன்வரும்.

போட்டிக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. இன்று வீடு திரும்பும்போது ரயிலிலேயே தொடங்குங்கள். பிள்ளையிடம் தமிழில் கேளுங்கள்: “இந்த வாரம் உன் பள்ளியில் உனக்கு நல்லது செய்தது யார்?” பதில் வரும்வரை பொறுமையாகக் காத்திருங்கள். அந்தப் பதிலை மேடைக்கு அனுப்புங்கள். கேட்க நாங்கள் காத்திருக்கிறோம்.